அறுகம்பையின் விடியற்காலை யாருக்கு?

ஓகஸ்ட் மாதத்தில் அறுகம்பையின் நாள் சூரியனுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நாலரை மணி கழிந்து சுபஹ் தொழுகைக்கான பாங்கு ஒலிக்கும்போது உல்லையின் வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்கும். வீதியோரத் தங்குமிடங்களில் கைபேசி அலாரங்கள் அடிக்கும். ஐந்து மணியளவில் கூரையில் அலைச்சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்ட ஓட்டோக்கள் பொத்துவில் பக்கமும் பாணமைப் பக்கமும் புறப்படும். ஐந்தரைக்குக் கிழக்கு வெளுக்கும். அப்போது கரையில் இரு கூட்டங்கள் நிற்கும். ஒரு கூட்டம் இரவு கடலுக்குப் போன படகுகளை எதிர்பார்த்து நிற்கிறது. மற்றது பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு அலையைப் பார்த்து நிற்கிறது.

இரு கூட்டமும் ஒரே மணிநேரத்துக்காகத்தான் கண்விழித்தன. ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர் வரை நீளும் பருவத்தில் இந்த ஊரின் வருமானத்தில் பெரும் பகுதி காலை ஐந்தரைக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட அந்த நேரத்தைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த நேரத்தை யார் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதற்கு ஊரிடம் பொதுவான திட்டம் கிடையாது. ஒவ்வொருவரும் தன் கைபேசியில் தனக்கான திட்டத்தைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கரை ஒன்றுதான். திட்டங்கள் ஆயிரம்.

விடியலில் அப்படி என்ன இருக்கிறது?

அலைச்சறுக்குக்காரர்கள் ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அறுகம்பைக்கு வரும் அலை இங்கே பிறப்பதில்லை. இந்து சமுத்திரத்தின் தென்கோடியில் வீசும் புயல்கள் எழுப்பும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பயணித்து, நம் தென்கிழக்குக் கரையின் முனைகளில் மோதி, பாறைத் திட்டுகளை ஒட்டி வலப்பக்கமாக உடைந்துகொண்டே குடாவுக்குள் நுழைகின்றன. இவற்றின் வருகையைச் சில நாட்களுக்கு முன்பே கணித்துவிடலாம். அலையின் உயரத்தோடு, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை விநாடி என்பதும் முக்கியம். இடைவெளி பன்னிரண்டு விநாடியைத் தாண்டினால் அது தூரத்திலிருந்து வந்த, வலுவான, ஒழுங்கான அலை என்று பொருள்.

அலையைத் தருவது தென்சமுத்திரம் என்றால், அதைச் சறுக்கத்தக்கதாக்குவது காற்று. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்கிலங்கையில் வீசுவது மேற்கிலிருந்து வரும் கச்சான். இரவில் தரை குளிர்ந்து, விடியற்காலையில் காற்று ஒன்றில் அடங்கியிருக்கும் அல்லது தரையிலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். அந்தக் காற்று அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடிக்கிறது. நீர்ப்பரப்பு கண்ணாடிபோல இருக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று தலையெடுக்கும். பத்து, பதினொரு மணிக்குப் பிறகு அதே அலை கலைந்து, நுரைத்து, ஒழுங்கிழந்துவிடும். ஆகவே ஒரு நாளின் நல்ல அலை என்பது பெரும்பாலும் காலையின் முதல் மூன்று, நான்கு மணிநேரம்தான்.

இனி சூரியன். அறுகம்பை கொழும்புக்கு ஏறத்தாழ இரண்டு பாகை கிழக்கே இருப்பதால் இங்கே எட்டு நிமிடமளவு முன்னதாகவே சூரியன் உதிக்கிறது. கொழும்பு நேரத்தைப் பார்த்துவிட்டு வருபவர் அந்த எட்டு நிமிடத்தை இழப்பார். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் பருவம் முழுவதும் உதய நேரம் அதிகம் மாறுவதில்லை. ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை 5.45 இற்கும் 6.00 மணிக்கும் இடையிலேயே நிற்கிறது. உதயத்துக்கு இருபது நிமிடங்களுக்கு முன்பே ஆள் அடையாளம் தெரியும் வெளிச்சம் வந்துவிடும். சூரியன் தன் நேரத்தை மாற்றாத இடத்தில் மாறுவது வற்றுப்பெருக்கு மட்டுமே. அது நாளொன்றுக்கு ஐம்பது நிமிடமளவு பிந்திச் செல்கிறது. நம் கரையில் நீர்மட்ட வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவுதான் என்றாலும், பாறைத் திட்டு ஆழமில்லாமல் கிடக்கும் பிரதான முனையில் அந்தக் குறைந்த வேறுபாடே கால் கிழிவதையும் கிழியாததையும் தீர்மானிக்கிறது. நீர் வற்றி இருக்கும் விடியலில் பழக்கமில்லாதவர்கள் அங்கே இறங்காமல், மணல் அடித்தளம் உள்ள இடத்துக்குப் போவதே புத்தி.

இவ்வளவையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒருவரின் திட்டம் தயாராகிவிடும். பிரதான முனைக்கு நடந்தே போகலாம். விஸ்கி பொயின்ற், பொத்துவில் பொயின்ற் என்றால் வடக்கே ஓட்டோ பிடிக்க வேண்டும். பீனட் ஃபார்ம் என்றால் பாணமை வீதி. இன்னும் தெற்கே உகந்தை என்றால் இருட்டிலேயே கிளம்ப வேண்டும், யானை கடக்கும் வீதி என்பதால் ஓட்டக்காரர் அவசரப்படக்கூடாது. உகந்தை முருகனைத் தாண்டிக் குமண காட்டுக்குள் இறங்கும் கதிர்காமப் பாதயாத்திரிகர்களும் ஆனி, ஆடி மாதங்களில் இதே பொத்துவில் – பாணமை வழியில் வெயிலுக்கு முந்திய நேரத்தை நம்பித்தான் நடக்கிறார்கள். விடியலைக் கணக்கிட்டு வாழ்வது இந்தக் கரைக்கு வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கமல்ல.

எல்லோருக்கும் ஒரே கணக்கு

பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. இருபது வருடங்களுக்கு முன் காற்றையும் அலையையும் படிப்பது அனுபவத்தால் வருவது. உள்ளூர் இளைஞனுக்கும் பல பருவங்கள் வந்துபோனவருக்கும் மட்டுமே நாளை விடியல் நன்றாக இருக்குமா என்று தெரிந்திருந்தது. இன்று அந்த அறிவு கைபேசிச் செயலியில் இலவசமாகக் கிடைக்கிறது. எல்லோரும் ஒரே முன்னறிவிப்பைப் பார்க்கிறார்கள், ஒரே முடிவுக்கு வருகிறார்கள், ஒரே நேரத்தில் ஒரே முனைக்கு வருகிறார்கள். கூட்டத்தைத் தவிர்க்கவே அதிகாலையில் வந்தவர்கள், அதிகாலையில்தான் கூட்டத்தைச் சந்திக்கிறார்கள்.

பிரதான முனையின் அமைப்பு இதை மேலும் இறுக்குகிறது. அகன்ற கடற்கரைகளில் அலை பல இடங்களில் உடையும்; ஆட்கள் பரவி நிற்கலாம். முனையில் அலை ஓரிடத்தில் எழுந்து நீளமாக ஓடுவதால், அதைப் பிடிக்கும் இடமும் ஒன்றே. அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை என்பது உலகம் முழுவதும் உள்ள எழுதப்படாத விதி. நாற்பது, ஐம்பது பேர் மிதக்கும்போது அந்த விதி மீறப்படுகிறது. பலகையோடு பலகை மோதுகிறது, வாய்த்தர்க்கம் வருகிறது, உள்ளூர்ப் பையன்களுக்கும் வெளிநாட்டவருக்கும் இடையே முறுகல் உண்டாகிறது.

நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை 2024 இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் வெறிச்சோடிக் கிடந்த அறைகளை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் எண்ணிக்கை இருமடங்கானாலும் விடியல் இருமடங்காகப்போவதில்லை. அறையைக் கட்டிக் கூட்டலாம். நல்ல அலை வரும் மூன்று மணிநேரத்தைக் கட்டிக் கூட்ட முடியாது.

பற்றாக்குறையான எதற்கும் ஒரு சந்தை உருவாகிவிடும். முதல் வெளிச்சத்தில் பாடம், சூரிய உதயச் சறுக்கல், ஓட்டோவோடு சேர்ந்த பொதி என்று விடியல் விலைப்படுகிறது. இதில் உள்ளூர்ப் பயிற்றுநர்களின் வாழ்வு இருக்கிறது. கடற்றொழில் குடும்பங்களிலிருந்து வந்து, உடைந்த பலகைகளில் கற்று, இன்று பேபி பொயின்றில் மற்றவர்களுக்குக் கற்பிக்கும் இளைஞர்களில் ஒரு பகுதியினர், நவம்பரில் கிழக்கில் மழை தொடங்கியதும் வெலிகமை, ஹிக்கடுவை என்று தெற்குக்குப் போய் அங்கே பருவத்தைத் தொடர்கிறார்கள். இவர்களோடு போட்டிக்கு நிற்பது, சுற்றுலா விசாவில் வந்து கூலிக்குப் பாடம் நடத்தும் வெளிநாட்டவர். சுற்றுலா விசா சம்பளத்துக்கு வேலை செய்வதை அனுமதிப்பதில்லை. 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்ட ஒரு விருந்து நாடு முழுவதும் கோபத்தைக் கிளப்பியதும், அதையொட்டி ரஷ்ய, உக்ரேனியப் பயணிகளின் நீடிக்கப்பட்ட விசாக்களை முடிவுக்குக் கொண்டுவரும் அறிவித்தல் வெளியானதும் நினைவிருக்கும். அந்தக் கோபத்தின் அடியில் இருந்த கேள்வி தென்கரைக்கு மட்டும் உரியதல்ல. கடலும் கரையும் நம்முடையவை, அதில் விளையும் பணம் யாருடையது என்பதே அது.

சூரியனுக்கு எதிரே ஒரு படகு

விடியலின் இன்னொரு உரிமையாளர் மீனவர். குடாவின் தென்பகுதியில், அலைச்சறுக்குக்காரர்கள் முனைக்கு நடந்துபோகும் அதே மணலில்தான் படகுகள் இழுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. முனையின் மறைவு காரணமாகக் கச்சான் காலத்திலும் படகை இறக்க வாய்ப்பான இடம் அது. மீனவர் அந்த இடத்தைத் தெரிந்தெடுத்த காரணமும் அலைச்சறுக்குக்காரர் அங்கே வந்த காரணமும் ஒன்றே: கடலின் நடத்தை.

வெளிச்சத்தைப் பற்றிய ஒரு விடயத்தை இங்கே சொல்ல வேண்டும். அறுகம்பையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. ஆறு மணியிலிருந்து ஏறத்தாழ ஏழு மணி வரை, அலையை எதிர்பார்த்துக் கடலைப் பார்த்து மிதப்பவரின் கண்ணில் வெயில் நேரடியாக அடிக்கும். அந்த வெயிலின் திசையிலிருந்து கரைக்குத் திரும்பும் படகு அவருக்குக் கறுத்த நிழலாகவே தெரியும், அல்லது கடைசி நேரம் வரை தெரியாது. படகிலிருப்பவருக்கு வெயில் முதுகுப் பக்கம் என்பதால் மிதப்பவர் தெரிவார். ஆனால் அலை எழும்பும்போது அவரும் மறைந்துவிடுவார். உதயத்துக்கு முந்திய அரை இருட்டில் ஒருவரை ஒருவர் காண்பதே அரிது. ஆகவே எத்தனை மணிக்கு இறங்குவது என்பது நல்ல அலை பற்றிய கேள்வியாக மட்டும் இருக்க முடியாது. கரையில் நிற்பவரின் கண்ணுக்கு நீரிலுள்ள பலகை தெளிவாகத் தெரியும் வரை இறங்குவதில்லை, படகு வரும் வழியில் மிதப்பதில்லை என்ற இரண்டையும் எல்லோரும் கடைப்பிடித்தாலே பாதிச் சச்சரவு குறையும். இதை ஒவ்வொரு பயணிக்கும் சொல்லும் ஒரு பலகை, மும்மொழியோடு ஹீப்ரு, ரஷ்யன் போன்ற மொழிகளிலும், கரையில் நாட்டப்பட வேண்டும்.

மீனவரின் எரிச்சல் பலகைகளோடு நிற்பதில்லை. அதற்கு நீண்ட நினைவு உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் 10,000 இற்கும் அதிகமானோரை இழந்த அம்பாறை மாவட்டம்தான் இலங்கையில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. அதன்பின் வடக்கு, கிழக்கில் 200 மீற்றர் பாதுகாப்பு வலயம் அறிவிக்கப்பட்டது. கடலோரத்தில் வீடு கட்டாதே என்று மீனவருக்குச் சொல்லப்பட்ட அதே காலத்தில் அறுகம்பையைப் பெரும் சுற்றுலா நகரமாக்கும் திட்டம் வரையப்பட்டது. நவோமி கிளைன் 2007 இல் வெளியிட்ட தனது 'தி ஷொக் டொக்ட்ரின்' நூலில் இந்தக் கரையை உதாரணமாக எடுத்துக்கொண்டது இதனால்தான். தெற்கே பாணமையில் 2010 இல் மக்கள் தம் நிலங்களிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 340 ஏக்கரை விடுவிக்க 2015 பெப்ரவரியில் அமைச்சரவை தீர்மானித்த பிறகும் அவர்களின் போராட்டம் முடியவில்லை. இந்தப் பின்னணியில் வாழும் ஒருவருக்குத் தன் படகுக்கு முன்னால் விரிக்கப்படும் ஒவ்வொரு கதிரையும் வெறும் கதிரையாகத் தெரியாது.

கண்காணிப்பின் விடியல்

2024 ஒக்டோபர் 23 அன்று காலை விழித்த அறுகம்பை வேறொன்றைக் கண்டது. பிரபல சுற்றுலா இடங்களை இலக்குவைத்துத் தாக்குதல் நடக்கலாம் என்று நம்பகமான தகவல் கிடைத்திருப்பதாக அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. இஸ்ரேல் தன் பிரஜைகளை வெளியேறச் சொன்னது. பொலிஸாரும் விசேட அதிரடிப்படையினரும் குவிக்கப்பட்டார்கள், வீதிச் சோதனைகள் தொடங்கின, சந்தேக நபர்கள் கைதானார்கள். பருவத்தின் கடைசி வாரங்கள் அப்படியே கருகின.

எச்சரிக்கை பின்னர் விலக்கப்பட்டது. ஆனால் அதன் வடு இன்னும் போகவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு சந்தேகத்தின் எடையைச் சுமந்த முஸ்லிம் சமூகம் பெரும்பான்மையாக வாழும் பொத்துவிலில், வேலைக்காக இருட்டில் ஓட்டோ ஓட்டும் இளைஞனை நிறுத்தி அடையாள அட்டை கேட்பதும், பலகையோடு போகும் பயணியை வழிவிடுவதும் ஒரே வீதியில் நடந்தால், அந்த வீதி இரு வகை மனிதருக்கான வீதியாகிவிடுகிறது. காஸா யுத்தம் பற்றிய ஊரின் துயரமும், இஸ்ரேலியப் பயணிகளின் வருகை தரும் வருமானமும் ஒரே கடைக்குள் இருக்கின்றன. இதை வெறுப்பாக மாற்றாமல் தாங்கிக்கொண்டிருப்பது இந்த ஊரின் சாதாரண மக்களே. பாதுகாப்பு தேவை என்பதில் விவாதம் இல்லை. அது பயணிக்கான பாதுகாப்பாக மட்டும் இருந்து, ஊர்க்காரருக்குக் கண்காணிப்பாக மாறும்போதுதான் ஆபத்து.

விடியலில் வர முடியாதவர்கள்

கரையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் போலவே யார் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். சாப்பாடு கட்டி, பிள்ளைகளைப் பாடசாலைக்குத் தயார்படுத்தி, வீட்டைக் கூட்டும் நேரமும் காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரைதான். நல்ல அலை வரும் நேரமும் வீட்டுவேலை உச்சத்தில் இருக்கும் நேரமும் ஒன்றாக இருக்கும் ஊரில், கடல் ஆண்களுக்கானதாகிவிடுவது இயல்பாக நடந்துவிடுகிறது. யாரும் தடை போட வேண்டிய தேவையே இல்லை.

2018 இல் இங்கே தொடங்கப்பட்ட அறுகம்பைப் பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் நாட்டின் முதலாவது பெண்கள் அலைச்சறுக்குக் கழகம். கடலுக்குள் போனால் தோல் கறுக்கும், குடும்பத்துக்கு அவப்பெயர் வரும் என்ற பேச்சுகளைத் தாண்டி உள்ளூர்ப் பெண்கள் பலகையோடு இறங்கியது சிறிய விடயமல்ல. ஆழிப்பேரலை எடுத்துச் சென்ற கடலுக்குள் அதைக் கண்ட தலைமுறையின் பிள்ளைகள் விரும்பி இறங்குகிறார்கள் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் கழகம் இருப்பதால் நேரம் கிடைத்துவிடாது. விடியலை எப்படிப் பகிர்வது என்று பேசும் எந்தக் கூட்டத்திலும் பெண்களுக்கென ஒதுக்கப்படும் காலைகள் பற்றிய பேச்சு இருக்க வேண்டும்.

ஊரின் திட்டம்

2023 மார்ச்சிலிருந்து உள்ளூராட்சி சபைகள் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் அதிகாரிகளால் இயங்கின. 2025 மே 6 தேர்தலோடு பொத்துவில் பிரதேச சபைக்கும் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் மீண்டும் வந்தார்கள். அலையை ஆள எந்தச் சபைக்கும் முடியாது. ஆனால் கரையை ஒழுங்குபடுத்துவது சபையும் பிரதேச செயலகமும் கரையோரம் பேணல் திணைக்களமும் மீனவர் சங்கங்களும் சேர்ந்தால் முடியாத காரியமல்ல.

தேவைப்படுபவை பெரிய திட்டங்கள் அல்ல. படகு இறங்கும், ஏறும் பாதையை மிதவைகளால் குறித்து, அதற்குள் எவரும் மிதக்கக்கூடாது என்று அறிவிக்கலாம். பயிற்றுநர்களைப் பதிவுசெய்து அட்டை வழங்கலாம். ஒருவர் எத்தனை மாணவரை ஒரே நேரத்தில் இறக்கலாம் என்று வரையறுக்கலாம். உயிர்காப்பு ஊழியரின் நாள் எட்டு மணிக்கு அலுவலகம் போலத் தொடங்காமல் முதல் வெளிச்சத்தில் தொடங்க வேண்டும், ஏனெனில் கடலில் ஆட்கள் அதிகமாக இருப்பது அப்போதுதான். பொத்துவிலிலிருந்து பாணமை வரையுள்ள முனைகளுக்கு ஆட்களைப் பிரித்து அனுப்பும் ஒழுங்கை ஓட்டோச் சங்கங்களே செய்யலாம். அவர்களுக்குத்தான் எந்த முனையில் எத்தனை பலகை இறங்கியது என்று விடிவதற்கு முன்பே தெரியும். பாணமைப் பக்கம் லாகுகலை பிரதேசத்துக்குள் வருவதால் இரு சபைகளும் ஒன்றாக உட்கார வேண்டியிருக்கும்.

2019 செப்டெம்பரில், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து ஐந்து மாதங்களில், உலக அலைச்சறுக்கு லீக்கின் தகுதிகாண் போட்டி ஒன்றை இந்த ஊர் நடத்திக் காட்டியது. வெளியாருக்காக ஒரு வாரம் கரையை ஒழுங்குபடுத்த முடிந்த ஊருக்கு, தனக்காக ஒரு பருவத்தை ஒழுங்குபடுத்தவும் முடியும்.

ஒன்பது மணிக்குப் பிறகு காற்று மாறும். பலகைகள் திரும்பி வரும், மீன் விலைப்பட்டிருக்கும், தங்குமிடங்களில் காலைச் சாப்பாடு பரிமாறப்படும். அன்றைய விடியல் யாருக்கு நல்லதாக அமைந்தது என்று அந்த நேரம் அவரவர் கணக்குப் பார்ப்பார்கள். மூவின மக்களும் கடலை நம்பி வாழும் இந்தக் கரையில் அந்தக் கணக்கைத் தனித்தனியே பார்ப்பதை நிறுத்தி, ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் பொறுப்பு இப்போது தெரிவுசெய்யப்பட்டவர்களிடம் இருக்கிறது. அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன் அந்த மேசை போடப்பட வேண்டும்.